வீட்டு லொறியின் இடப்பக்கச் சுவர்

வாகனம் ஓட்டவே தெரியாதவனால் உலகத்துக்குத் தீங்கில்லை. அவன் பேசாமல் பஸ்ஸில் போவான். நன்றாக ஓட்டத் தெரிந்தவனாலும் தீங்கில்லை. அரைகுறையாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, கேட்ட இடத்திலெல்லாம் ‘ஓம், ஓட்டுவேன்’ என்று சொல்லுகிறவன்தான் ஆபத்தான பிறவி. ஐம்பதுகளில் சம்மாந்துறையில் அப்படி ஒருவன் இருந்தான். நல்ல உயரம், சுருட்டை முடி, மூளை மட்டும் கொஞ்சம் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தது. (இன்னும் வந்து சேரவில்லை என்பது என் மனைவியின் கட்சி.)

அப்போது எனக்குச் சாய்ந்தமருதில் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். வீடும் பெண்ணுக்குத்தான். பெண்ணை நான் பார்த்ததில்லை. ஹாஜறா என்ற பெயர் மட்டும் தெரியும். அவள் உம்மாவைப் பற்றி ஊரே அறியும். வீடு, வளவு, கடற்கரையில் நிற்கும் கரைவலைத் தோணிகள் எல்லாம் அந்த மாமியின் பெயரில் இருந்தன. மாமியின் பெயரில் இல்லாதது மாமா மட்டும்தான், அதுவும் பேச்சுக்குத்தான்.

மாமா கொந்தராத்துக்காரர். அம்பாறைப் பக்கம் அணைக்கட்டு வேலை செய்தவர்கள் தங்கியிருந்த காம்புக்கு அரிசியும் தேங்காயும் கொடுத்து வந்தார். மனிதருக்கு ஒரேயொரு பலவீனம். வெள்ளைக்காரத் துரை எவராவது ஊருக்குத் திரும்புகிறார் என்றால், அவர் விட்டுப்போகும் சாமான்களில் ஒன்றையாவது வாங்கிவிடுவார். ஐஸே கிடைக்காத எங்கள் கரையில் ஐஸ் பெட்டி வைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான். மாமி அதில் விதைநெல் போட்டு வைத்திருந்தார். இனிமேல் துரைமாரின் சாமான் எதுவும் கடப்பைத் தாண்டி வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அதோடு சேர்ந்து வந்த கட்டளை.

ஒரு நாள் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து என்னை வேலியோரம் தனியாகக் கூப்பிட்டார்.

“மருமோன், நீங்க வாகனம் ஓடுவீங்களாமே?”

நான் ஓட்டியது வாப்பாவின் உழவு மெசின். அதுவும் வயலுக்குள்ளே. வயலில் இடிப்பதற்கு வரம்பையும் கொக்கையும் தவிர வேறொன்றும் இல்லை, கொக்கு பறந்துவிடும். ஆனாலும் பெண்ணின் வாப்பா கேட்கிறார்.

“ஓம் மாமா. எந்த வாகனமெண்டாலும் ஓடுவன்.”

“அப்ப அம்பாறையில ஒரு சாமான் நிக்கிது, எடுத்து வரணும். ட்ரைவரை அனுப்பினா மாமிட்டச் சொல்லிப்போடுவான். நீங்க சொல்ல மாட்டீங்கதானே?”

அம்பாறைக்குப் போய் அந்தச் சாமானைப் பார்த்தேன். லொறிதான், ஆனால் முதுகில் ஒரு வீடு இருந்தது. மரச் சட்டத்தின் மேல் பளபளவென்று அலுமினியத் தகடு அடித்து, ஜன்னல்களுக்கு நுளம்பு வலை போட்டிருந்தார்கள். உள்ளே கட்டில், அலுமாரி, சமைக்க ஒரு குட்டிக் குசினி, திருகினால் தண்ணீர் வரும் குழாய். துரையும் அவர் மனைவியும் அதில் காடெல்லாம் சுற்றியிருக்கிறார்கள். பொத்துவில் வயலுக்குப் போகும்போது இதில் நுளம்புக் கடியில்லாமல் தூங்கலாம் என்பது மாமாவின் கனவு.

துரை தன் தொப்பியை ஆசனத்தில் மறந்துவிட்டுப் போயிருந்தார். நான் அதை எடுத்துத் தலையில் வைத்தேன். அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

வழியெல்லாம் வயலில் நின்றவர்கள் தொப்பியைக் கண்டு, துரை வருகிறார் என்று நிமிர்ந்து சலாம் போட்டார்கள். நானும் இடது கையை உயர்த்திச் சலாம் வாங்கிக்கொண்டேன். பத்து மைல் சலாம் வாங்கினால் எவனுக்கும் தலை வீங்கும். எனக்குத் தொப்பி இறுகத் தொடங்கியது. வீரமுனை தாண்டியதும் நேரே காரைதீவுக்குப் போகாமல், எங்கள் ஊருக்குள் திருப்பினேன். என் கூட்டாளிகள் எப்போதும் இருக்கும் தேத்தண்ணிக் கடை முன்னால் போகாவிட்டால் இவ்வளவு பெரிய வாகனத்தை ஓட்டி என்ன பயன்?

கடை வந்தது. கூட்டாளிகள் வாய் பிளந்து எழுந்து நின்றார்கள். நான் துரைமார் பாணியில் கையை உயர்த்தினேன். உழவு மெசினுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை; இந்த வாகனத்துக்குப் பின்னால் ஒரு வீடே இருக்கிறது என்பதை அந்த நேரம் பார்த்து மறந்துபோனேன். றோட்டோரம் நின்ற மருதமரத்தின் வெட்டிய கொப்பு ஒன்று இடது பக்கத்தைப் பிடித்தது. பிடித்ததை விடவில்லை. முன்னாலிருந்து பின்னால் வரைக்கும், மீன் டின் உடைப்பதுபோல, தகட்டைச் சுருட்டிக்கொண்டே வந்தது. உள்ளே துரையின் பீங்கான்கள் ஒன்று விடாமல் விழுந்தன.

சத்தம் அடங்கிய பிறகு கூட்டாளி ஒருவன் மட்டும் வாய் திறந்தான்.

“மச்சான், வீடு உரிஞ்சிட்டுதுடா.”

கல்முனையில் பெரிய றோட்டை ஒட்டி அந்தோனிப் பாஸின் பட்டறை இருந்தது. லொறிகளுக்கும் பஸ்களுக்கும் உடல் கட்டுகிறவர், வேதக்காரர், கழுத்தில் சிலுவை, வாயில் சுருட்டு. கிழக்குக் கரையில் ஓடும் நல்ல வாகனமெல்லாம் தன் கையால் ஆனது, கெட்ட வாகனமெல்லாம் அடுத்தவன் கட்டியது என்பது அவர் கொள்கை. அவரிடம்தான் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் இடது பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

“தம்பி, இதுக்குச் சண்டையில குண்டு பட்டதா?”

“மரம் பட்டது, பாஸ்.”

“மரம் வந்து பட்டதா, நீர் போய்ப் பட்டீரா?”

நான் துரையின் தொப்பியைத் தலையிலிருந்து கழற்றினேன். இப்படிப்பட்ட அலுமினியத் தகடு கொழும்பிலிருந்துதான் வர வேண்டும் என்றார் பாஸ். அது வருவதற்குள் கிழிந்த தகட்டையும் முறிந்த சட்டங்களையும் கழற்றி எறிந்தார். இடப்பக்கச் சுவர் முழுதாகப் போய்விட்டது. பனி படாமல் இருக்கச் சாக்குகளைத் தைத்து அந்த இடத்தில் தொங்கவிட்டார். வெளிச்சம் வேண்டுமென்று அந்தப் பக்கத்தை றோட்டைப் பார்த்து நிறுத்தியும் வைத்தார்.

மாமாவுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. குடையை ஊன்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். கலியாணம் முறிந்தது என்று நினைத்து, அவர் காலில் விழுவதா, ஓடுவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் என் காதருகே வந்து கேட்டது வேறு.

“மாமிக்குத் தெரியுமா?”

“தெரியாது மாமா.”

“அல்ஹம்துலில்லாஹ். நீங்க ஒடச்சதுக்கு நான் கோவிக்க மாட்டன். நான் வாங்கினதை நீங்க சொல்லப்படாது. சரியா?”

இப்படியொரு மாமா எவனுக்குக் கிடைப்பார்! நெஞ்சு நிறைந்து அவர் கையைப் பிடித்த அந்தக் கணத்தில், றோட்டில் மாட்டுச் சலங்கை கேட்டது. மாமாவின் முகம் சுண்ணாம்பாகியது.

“அது நம்மட மாடு!”

திரை கட்டிய வண்டி ஒன்று தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. மருதமுனைக்குக் கலியாணச் சேலை எடுக்க மாமி போகிறார் என்று மாமா முனகினார். யோசிக்க நேரமில்லை. வீட்டு லொறியின் பின் கதவைத் திறந்து இருவரும் உள்ளே பாய்ந்தோம். தாழ்ப்பாளைப் போட்டோம். சாக்குப் பக்கம் முதுகைக் காட்டி, கட்டிலில் ஒருவரையொருவர் ஒட்டி உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு விஷயம் எங்களுக்குத் தோன்றவில்லை. ஒன்று, வீடு என்ற மரியாதைக்கு இருவருமே செருப்பைக் கழற்றிப் படியடியில் வைத்துவிட்டு ஏறியிருந்தோம். மற்றது, பட்டறையின் பின்பக்கம் வேலையாக நின்ற அந்தோனிப் பாஸுக்கு நாங்கள் உள்ளே இருப்பது தெரியாது.

சலங்கை நின்றது. பாஸ் முன்பக்கம் வரும் காலடி கேட்டது. பெண் குரல் ஒன்று மெதுவாகக் கேட்டது. “பாஸ், இது என்ன வாகனம்? எங்கட மனிசன்ட செருப்பு இதடியில கெடக்கே?”

“வீட்டு லொறி, தாயே! இப்பிடியொண்டை நீங்க கண்டிருக்க மாட்டீங்க. நில்லுங்க, உள்வேலையைக் காட்டுறன்.”

பின்னால் ஏதோ சரசரத்தது. நாங்கள் திரும்பவில்லை, அசைந்தால் சத்தம் வரும் என்று பயம். கொஞ்ச நேரத்தில் வேர்த்திருந்த முதுகில் குளிர்ந்த காற்றுப் பட்டது. மாமா கண்ணை மூடி அனுபவித்து, மெல்ல என்னிடம் சொன்னார்:

“நல்ல காத்து வருது, மருமோன்.”

“ஓம்,” என்றது எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் குரல். “கடல்காத்து. ரெண்டு பேரும் நல்லாப் புடிங்க.”

திரும்பிப் பார்த்தோம். சாக்கு, பாஸின் கையில் இருந்தது. எதிர்த் தையல் கடைக்காரர் மெசினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பஸ்ஸுக்கு நின்ற சனம் முழுவதும் பார்த்தது. எல்லாருக்கும் முன்னால், முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி மாமி. அவருக்குப் பின்னால் வண்டித் திரைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, தோற்று, மூக்கால் வெடித்த சிரிப்பு.

பதறிப்போய் நாங்கள் கதவைத் திறக்க ஓடினோம். தாழ்ப்பாள் இறுகிவிட்டது. மாமா இழுக்க, நான் மாமாவை இழுக்க, மாமி ஆற அமரக் கேட்டார்:

“என்னத்துக்குக் கதவால வாறீங்க?”

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சுவர் இல்லாத பக்கத்தால் ஏறி உள்ளே வந்தார். அலுமாரியைத் திறந்தார். குழாயைத் திருகினார். கட்டிலை அமுக்கிப் பார்த்தார். வலை போட்ட ஜன்னலால் வெளியே பார்த்தார். பிறகு இறங்கிப்போய், வெளியிலிருந்து உள்ளே தெரிகிறதா என்று பார்த்தார். எங்கள் பெண்கள் ஒரு பயணம் போவதென்றால் திரை கட்ட வேண்டும், நேரம் பார்க்க வேண்டும், தங்க இடம் தேட வேண்டும். பொத்துவிலில் வாழ்க்கைப்பட்ட தன் தங்கையை மாமி பார்த்து எத்தனையோ வருடம். மாமா நுளம்பை நினைத்து வாங்கிய வாகனத்தில் மாமி பார்த்தது முற்றிலும் வேறொன்று. அந்த நிமிடத்தில்தான் அவர் மேல் எனக்கு உண்டான மதிப்பு வேர் விட்டது, இன்றுவரை வாடவில்லை.

“இதுல எத்தின பொம்புளையள் படுக்கலாம்?” என்று கேட்டார்.

“கீழயும் பாய் போட்டா ஏழெட்டுப் பேர்,” என்றார் மாமா, உயிர் திரும்பியவராக.

“நீங்க வாங்கினதுக்குள்ள இது ஒண்டுதான் உருப்படியான சாமான். ஒடச்சது ஆரு?”

“நான்தான் மாமி.”

“மரம் எங்க நிண்டது?”

“நிண்ட இடத்துலதான் மாமி.”

திரைக்குள் மறுபடியும் மூக்கால் ஒரு வெடி.

கொழும்புத் தகடு வரும்வரை காத்திருக்க மாமி சம்மதிக்கவில்லை. தன் தோணிக்கென்று அறுத்து வைத்த பலகைகளையும், தோணி கட்டும் ஓடாவியையும் சாய்ந்தமருதிலிருந்து வரவழைத்தார். அந்தோனிப் பாஸுக்கு மானம் போய்விட்டது.

“மோட்டார் வாகனத்துக்குத் தோணிப் பலகையா, தாயே? ஆராவது கேட்டாச் சிரிப்பான்!”

“கடல்ல தண்ணி உள்ளுக்கு வராத பலகை. றோட்டுல காத்து உள்ளுக்கு வரவா போகுது?”

பாஸ் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். பிறகு சட்டத்தைத் தானே செய்வதாகச் சொன்னார். ஓடாவி வளைவு போதாது என்றார். பாஸ் இது கப்பல் இல்லை என்றார். இருவரும் வேலை முடியும்வரை சண்டை பிடித்தார்கள். சண்டையில் சுவர் மட்டும் நேர்த்தியாக எழுந்தது. எனக்கும் மாமி ஒரு வேலை தந்தார். பலகை இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் அடைத்து, மேலே சுறா எண்ணெய் பூசுவது. நான் வீட்டுக்கு வந்தால் பூனைகள் பின்னால் வந்தன. “பொண்ணுட வீட்டுக்குப் போறதுக்கு முந்தியே வீட்ட ஒடச்சவன் நீ ஒருத்தன்தான்டா,” என்றார் வாப்பா. சம்பந்தம் முறிந்தது என்றே அவர் முடிவு கட்டியிருந்தார். நானும்தான்.  ஹாஜறாவை நான் பார்த்ததில்லைதான், ஆனால் வண்டித் திரைக்குள் அவள் சிரித்த சிரிப்பைக் கேட்டுவிட்டேனே. அதை இன்னொரு தரம் கேட்காமல் போய்விடுமோ என்பதே என் கவலை.

கடைசிப் பூச்சு முடிந்த அன்று மாமி வந்தார். பலகையைத் தட்டிப் பார்த்தார்.

“மகள்ட்டக் கேட்டன்,” என்றார். “ஓம் எண்டுட்டா. ஏனெண்டு நீங்களே புறகு கேளுங்க.”

என் மாப்பிள்ளை ஊர்வலம் அந்த வீட்டு லொறியில்தான் போனது. வலப்பக்கம் துரை வீட்டு அலுமினியம், இடப்பக்கம் சாய்ந்தமருதுத் தோணி. பலகையின் கனத்தில் வண்டி இடது பக்கம் சற்றுச் சாய்ந்தே ஓடியது. முன் ஆசனத்துக்குப் பக்கத்திலும் என்னை விடக்கூடாது என்று ட்ரைவருக்கு உத்தரவு. எனக்குப் பூசிய அத்தர் சுறா எண்ணெயோடு போராடித் தோற்றது.

அதன் பிறகு அந்த வண்டி மாமியுடையது. சகோதரிகள், மருமகள்கள், அயல் வீட்டுப் பெண்கள் என்று ஏற்றிக்கொண்டு பொத்துவிலுக்குப் போனார். கடலோரத்திலேயே பிறந்தும் தங்கள் ஊருக்கு அப்பால் பார்க்காத பெண்கள், யார் கண்ணும் படாமல், தோணிச் சுவரில் சாய்ந்து பாட்டுப் படித்துக்கொண்டு போவார்கள். மாமா பின்னால் பஸ்ஸில் போவார். நுளம்பு அவரை விட்டபாடில்லை.

கலியாணமான புதிதில் ஹாஜறாவிடம் கேட்டேன். “எல்லாத்தையும் பார்த்திட்டும் ஏன் ஓம் எண்டாய்?”

“ஒளிக்கத் தெரியாத மனிசன்தானே,” என்றாள். “ஒரு பொம்புளைக்கு இதவிட வேற என்ன வேணும்?”

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் சம்பந்தம் பேச யார் வந்தாலும் படிப்பு, காணி எல்லாம் விசாரித்த பிறகு என் மனைவி கடைசியாக ஒன்று கேட்பாள். அண்மையில் பேத்திக்கு ஓரிடம் வந்தது. நல்ல இடம்தான். தேத்தண்ணி கொடுத்துவிட்டு அவள் கேட்டாள்:

“மாப்பிள்ளைக்கு ஒளிக்கத் தெரியுமா?”

மாப்பிள்ளையின் வாப்பா ஒரு கணம் முழித்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார்.

“அவனுக்குத் தெரியாத வேலை ஒண்டுமில்ல! எல்லாம் தெரியும்!”

எங்கள் வீட்டில் குசினியிலிருந்து முன்வாசல் வரை எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். சம்பந்தம் அன்றோடு நின்றுபோனது. பாவம், காரணம் அவர்களுக்கு இன்றுவரை தெரியாது. இதை வாசித்தாவது தெரிந்துகொள்ளட்டும்.