எங்கட வாப்பாட சீவுளி

மருதமுனை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்குமுரிய மச்சான் ஜனாப் அபூசாலி அவர்களுக்கு, தங்கள் உடன்பிறந்த ராத்தாவின் கணவன் கச்சிமுகம்மது ஸலாத்துடன் எழுதிக்கொள்வது. அல்ஹம்துலில்லாஹ், நாங்கள் இங்கே சுகம். தங்கள் சுகத்துக்கும், பழைய ஆயுதங்களின் வயதைச் சொல்லும் தங்கள் கைபேசியின் சுகத்துக்கும் துஆச் செய்கிறோம்.

நிற்க. சென்ற வெள்ளிக்கிழமை தாங்கள் எமது இல்லத்துக்கு வருகை தந்து, பகல் சோறு உண்டு, கை கழுவிய ஈரத்தோடு மரம் இழைக்கும் எனது இரும்புச் சீவுளியைத் தூக்கிப் பார்த்து, அதன் தலையில் இருக்கும் 786 என்பது கொம்பனி போட்ட இலக்கம், பக்கத்தில் இருப்பது இங்கிலாந்து அரசியின் கிரீடம், ஆகவே சாமானுக்கு நூற்றிருபது வயது, அப்படிப்பட்ட சீவுளி இந்தப் பக்கத்தில் தங்கள் வாப்பாவிடம் மட்டும்தான் இருந்தது என்று தீர்ப்பு வழங்கினீர்கள். போதாக்குறைக்கு அதைக் குடும்பக் குறூப்பிலும் படத்தோடு போட்டீர்கள். அங்கே பதில் எழுதினால் சம்பந்தி வீட்டாரும் பார்ப்பார்கள் என்பதால்தான் இந்தக் கடிதம்.

786 எண்டா என்னெண்டு ஓதப்போற சின்னப்புள்ளைக்கும் தெரியும். பிஸ்மிக்குரிய இலக்கம். நம்மட ஊர் ஆட்டோவெல்லாத்துலயும் எழுதியிரிக்கி, அதுவும் கொம்பனி போட்டதா? எங்கட வாப்பா பிஸ்மி செல்லாம ஒரு ஆணி அடிச்ச மனிசனில்ல. அவர் தன்ட கையால உளி வெச்சி வெட்டின இலக்கம் அது. கிரீடம் எண்டு நீ செல்றது சேவல்ட கொண்டை. கண்ணாடியப் போட்டுட்டுப் பாரு, கீழ சொண்டும் இரிக்கி.

உன்ட ஆராய்ச்சி எங்களுக்குப் புதிசில்ல. நம்மட பக்கத்து வீட்டு ஹமீட்ட மம்பட்டியில எஸ். எஸ். எண்டு கிடந்ததப் பாத்துட்டு, இது வெள்ளக்காரன்ட கப்பல்ல வந்த சாமான், கப்பல்ட பேரத்தான் அடிச்சிரிக்கான் எண்டு நீ செல்ல, அந்தப் பேயனும் நம்பி, அத வயலுக்குக் கொண்டு போகாம எண்ணெய் பூசி அலுமாரிக்குள்ள வெச்சி, நாவிதன்வெளி வயலுல வாய்க்கால் வெட்ட ஆளில்லாம வேளாண்மை காஞ்சி, கடைசியா பொஞ்சாதி சித்தி சபீனா வந்து, இரவல் குடுத்தாத் திரும்பி வரட்டுமெண்டு நான்தான் என்ட பேர வெட்டினன் எண்டு செல்லி மம்பட்டியப் பறிச்சிட்டுப் போனா. அதுக்குப் பொறகும் நீ ஆய்வாளர்.

கேளு மச்சான். நம்மட ஊர் வழமைப்படி நான் பொண்டாட்டி வீட்டுக்கு வந்த மாப்பிள்ள. வீடு உன்ட ராத்தாட. வளவும் அவட. கட்டிலு, அலுமாரி, கிணத்து வாளி எல்லாம் உன்ட வாப்பா குடுத்தது. கலியாணத்தண்டு நான் இந்த வாசலால வரக்குள்ள கையில கொண்டு வந்த ஒரே சாமான் எங்கட வாப்பாட சீவுளி. “கொண்டு போ மகன்” எண்டு தந்தார். மிச்சம் என்னமோ சென்னார், பொம்புளையள்ர குரவைச் சத்தத்துல கேக்கல்ல. இந்த வீட்டுல என்ட எண்டு காட்ட எனக்கு வேற ஒண்டுமில்ல. அதையும் நீ உன்ட வாப்பாட எண்டு எழுதிட்டா, நான் எதப் புடிச்சிட்டு இஞ்ச இரிக்கிற?

ஆகவே, குறூப்பில் மன்னிப்பு எழுதும்வரை தாங்கள் எமது வாசற்படி மிதிக்க வேண்டாம். அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளையும் கொஞ்சம் கண்பார்வையையும் தருவானாக. வீட்டாருக்கு எமது ஸலாம்.

இப்படிக்கு,
கச்சிமுகம்மது

பி.கு.: கடிதத்தை ஒட்ட முன்னம், வடிவாப் படம் எடுத்து நானும் குறூப்பில் போடுவம் எண்டு சீவுளிய மண்ணெண்ணெய் ஊத்தித் தேய்ச்சன். 786 வெட்டின இலக்கமில்ல, இரும்போட வார்த்து மேல தள்ளிட்டு நிக்கிது. எங்கட வாப்பா இரும்ப வெட்டுவார், வளக்கமாட்டார். கைபிடியக் கழட்டினா, அடியில அறபு எழுத்துல உன்ட வாப்பாட பேர்.

மீன் வெட்டிக்கிட்டிருந்த உன்ட ராத்தாட்டக் கொண்டு போய்க் காட்டினன். தலைய நிமித்தாமச் சென்னா, “ஓம், அது எங்கட வாப்பாட சீவுளி. உங்கட வாப்பா இரவல் வாங்கினது. கொண்டு போ மகன், மாமாட்டக் குடு எண்டுதான் தந்து உட்டார்.”

ஏன்கா இவ்வளவு காலமும் செல்லல்ல எண்டு கேட்டன்.

“நீங்க அத நெஞ்சோட அணைச்சிட்டு வந்தீங்க. வாப்பா பாத்துட்டு, ஒருத்தரும் கேக்க வேணாம் எண்டுட்டார்.”

கொஞ்ச நேரம் கிணத்தடியில நிண்டுட்டு வந்தன்.

இவ்வளவு வடிவா ஏசி எழுதினதக் கிழிக்க மனமில்ல, அதால அனுப்புறன். வெள்ளிக்கிழமை சோத்துக்கு வா. சீவுளி மேசையில இரிக்கும், எடுத்துட்டுப் போறெண்டா எடுத்துட்டுப் போ, ராத்தா உடுவாவோ தெரியா. ஆனா அது கிரீடமில்ல, சேவல்தான்.