ஐந்து ஏன்

அருப்புக்கோட்டையில் ஐயாத்துரையின் எண்ணெய் மில் திங்கட்கிழமை காலையிலேயே நின்றுபோனது. வேறு நாளாயிருந்தால் திட்டித் தீர்த்திருப்பார். ஆனால் மதுரையிலிருந்து வந்த பயிற்சியாளர் ஆனந்தகுமார், முதலாளியையும் வேலையாட்களையும் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லிப் போயிருந்தார்: “தப்பு நடந்தா திட்டக்கூடாது. அஞ்சு தடவை ஏன்னு கேக்கணும். வேலையாட்களும் சின்னச் சின்னதா சோதனை செஞ்சு பாக்கணும்.”

வெள்ளிக்கிழமை அவர் பார்வையிட வருகிறார். கூடவே, ஐயாத்துரையின் மகனுக்குப் பெண் கொடுக்கப்போகிற பரளச்சி ஊர்ச் சம்பந்தியும் வருகிறார். அவர் முன்னால் மூன்று தலைமுறை மில்லுக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாது.

“ஏன் நின்னுச்சு?” என்று மெஷின் ஓட்டும் இருளப்பசாமியிடம் கேட்டார்.

“பெல்ட்டு அறுந்துபோச்சு, மொதலாளி.”

“ஏன் அறுந்துச்சு?”

“பழசு.”

“பழச ஏன் போட்டு ஓட்டுற?”

“புதுசு இல்ல.”

“ஏன் இல்ல?”

“நீங்க வாங்கல.”

“ஏன் வாங்கல?”

இருளப்பசாமி மரியாதை தெரிந்தவர். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கடலை பொறுக்கும் பெண்கள்தான் சிரித்தார்கள்.

மாலைக்குள் புது பெல்ட் வந்தது. “இனிமே மூணு ஏன் போதும்” என்றார் ஐயாத்துரை.

செவ்வாய்க்கிழமை சல்லடை கிழிந்தது. மூன்றாவது ஏனிலேயே முதலாளி மாட்டிக்கொண்டார். புதுச் சல்லடை வந்தது. கேள்வி இரண்டாகக் குறைந்தது.

புதன்கிழமை, “கடலையில ஏன் இம்புட்டுக் கல்லு?” என்றார்.

“லைட்டு எரியல” என்றாள் கடலை பொறுக்கும் ஆவுடைத்தாய்.

“ஏன் எரியல?”

“நீங்க மாத்தல.”

லைட்டும் வந்தது. வியாழக்கிழமைக்கு ஒரே ஒரு ஏன்தான் மிச்சம்.

“எல்லாரும் ஏன் வெளிய நிக்கிறீக?”

“மொதலாளி ஃபேன் வாங்கித் தரல.”

ஃபேனும் மாட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை மில் மாப்பிள்ளை மாதிரி மினுங்கியது.

“அஞ்சு நாளுல இம்புட்டு மாத்தமா? நம்ம சம்பந்தி கை வச்சா சும்மாவா” என்று பரளச்சிக்காரர் மீசையைத் தடவினார். ஐயாத்துரைக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஆனந்தகுமார் ஆவுடைத்தாயிடம் திரும்பினார். “எப்படிம்மா இவ்வளவு வேகமா முன்னேறினீங்க?”

“நாங்க எங்க சார் முன்னேறுனோம்? நீங்க சொன்ன மாதிரி தெனம் ஒரு சோதன பண்ணுனோம். பெல்ட்ட அறுத்தோம், சல்லடையக் கிழிச்சோம், லைட்டக் கழட்டுனோம். அஞ்சு கேள்விக்குப் பெறகு வாங்கித் தந்த மொதலாளி, இப்ப ஒரே கேள்வியில வாங்கித் தாராக; நல்லாத் தேறிட்டாக.”