டயருக்குப் போட்ட பாலிஷ்

வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவனுக்கு வண்டி ஆசை மட்டும் வந்துவிட்டால் அவனை ஆண்டவராலும் காப்பாற்ற முடியாது. நானே சாட்சி.

மைசூரு விஜயநகரில் எங்கள் வீட்டு வாசலில் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றபோது அதற்குப் பதினைந்து வயது. இரண்டே சீட். ஸ்டெப்னி கிடையாது. (ஸ்போர்ட்ஸ் காருக்கு எதற்கு வீண் பாரம் என்று விற்றவர் சொன்னதை நானும் பெருமையாக நாலு பேரிடம் சொன்னேன்.) டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, புதுசு மாதிரிதான் என்று தீர்ப்பு வழங்கினேன். ஓரத்தில் இருந்த வெடிப்புகள்தான் கண்ணை உறுத்தின. மேலே கறுப்புப் பாலிஷ் தேய்த்தேன். வெடிப்பு போயே போய்விட்டது.

மறுநாள் கொள்ளேகால் சர்ச்சில் எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் நிச்சயதார்த்தம், பதினோரு மணிக்கு. பன்னிரண்டுக்கு ஃபாதருக்குப் பக்கத்து ஊரில் ஒரு சவ அடக்கம் இருந்ததால், தாமதிக்காதீர்கள் என்று பெண் வீட்டார் மூன்று தடவை சொல்லியிருந்தார்கள். உறவுக்கூட்டம் வேனில் கிளம்பியது. மோதிரத்தை அம்மா கைப்பையில் வைக்கப் போனார். வேனில் தொலைந்துவிடும், காரில்தான் பத்திரம் என்று வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நரசீபுரம் தாண்டியதும் பின் டயர் வெடித்தது.

ரோட்டோரப் பஞ்சர் கடைக்காரர் குந்தி உட்கார்ந்து என் பாலிஷை விரலால் துடைத்தார். டயர் தயாரான வாரத்தையும் வருஷத்தையும் காட்டும் நான்கு எண்களைப் படித்தார். காருக்கும் டயருக்கும் ஒரே வயது, ஓடாமல் நின்றாலும் ரப்பர் கிழடாகும் என்று கன்னடத்தில் நிதானமாக விளக்கினார். இந்த அளவு டயர் மைசூரிலேயே கிடைக்காதாம், பெங்களூரிலிருந்து வர வேண்டுமாம். வந்தாலும் பின்னால் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டுமாம். விலையைச் சொன்னார். நான் காரைப் பிடித்துக்கொண்டேன்.

மணி பத்து ஐம்பது. அப்பா போன் செய்தார்.

“மோதிரம் உங்கிட்ட, நீ ரோட்ல. நாங்க இங்க யாருக்குடா நிச்சயம் பண்றது?”

இரண்டு பஸ்கள் நிற்காமல் போயின. நிமிடத்துக்கு ஒரு தரம் மோதிரத்தைத் தொட்டுப் பார்த்தேன், மணியைப் பார்த்தேன். நிஜமாகவே பயந்தேன். ஸ்டெல்லா வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? கடைசியில் பட்டுக்கூடு ஏற்றிவந்த டெம்போ ஒன்று நின்றது. வெள்ளைக் கோட்டுடன் மூட்டைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தேன். (பட்டுக்கூட்டின் வாசனை தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.)

சர்ச்சுக்குள் நுழையும்போது பதினொன்றே முக்கால். ஃபாதர் ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டே மோதிரங்களை மந்திரித்தார். ஸ்டெல்லா இடது கையால் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, வலது கையை நீட்டினாள். மாமனார் என் தோளைத் தட்டினார்.

“வந்து சேந்தீங்களே மாப்ளே, அது போதுமுங்க.”

கல்யாணமான புதிதில் பீரோவை ஒழுங்கு செய்த ஸ்டெல்லாவின் கையில் ஒரு கவர் சிக்கியது. உள்ளே இரண்டு ரசீதுகள்: மோதிரத்துக்கு ஒன்று, டயருக்கு ஒன்று. முக்கியமானவை என்று நான்தான் ஒன்றாகப் போட்டு வைத்திருந்தேன். இரண்டிலும் இருந்த தொகையை அவள் மாற்றி மாற்றிப் பார்த்தாள். திட்டவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த மொத்தக் குடும்பத்தின் முன்னால் சொன்னாள்:

“அவருக்கு எம்மேல ரொம்ப ஆசைங்க. முக்கால் டயர் அளவுக்கு.”

காரை விற்று எட்டு வருடமாகிறது. போன மாதம் கல்யாண நாளுக்கு ஒரு வளையல் வாங்கிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தாள், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பரவால்ல. ஒண்ணரை டயர் வரும்ல?” என்றாள்.