கார்டுகளுக்குக் கல்யாணம்

ஒஸ்வால்தோ எழுந்தான். பல் தேய்த்தான். வெந்நீர் வைத்தான். குடுவையில் மாத்தே இலையைப் பாதி நிரப்பி, குழலைச் செருகி, நின்றபடியே உறிஞ்சினான். கணினித் திரையைப் பார்த்தான். படத்தை வரைந்து முடிக்கும் ரெண்டர் வேலை வழக்கம்போல நடுவில் நின்றிருந்தது. அணைத்தான். திருப்புளியை எடுத்துக் கணினிப் பெட்டியில் கொஞ்ச நேரம் வேலை பார்த்தான். மூடினான். சட்டை மாற்றினான். மனைவி மிர்த்தா இறந்ததிலிருந்து காலைகள் இப்படித்தான் நகர்ந்தன.

அன்று ஆகஸ்டு முதல் தேதி. பராகுவேயில் ஆகஸ்டு ஆளைக் கொல்லும் மாதம். கரும்புச் சாராயத்தில் அருவதா இலையும் எலுமிச்சையும் ஊறவைத்து, வெறும் வயிற்றில் மூன்று மடக்குக் குடித்துவிட்டால் கொல்லாது. போன வருஷம் மிர்த்தாவும் குடித்தாள். ஆகஸ்டைத் தாண்டினாள். செப்டம்பருக்கு யாரும் மருந்து சொல்லவில்லை.

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தோளில் ஒரு பையையும் மாட்டிக்கொண்டு, ஆற்றுப் பாலத்தருகே இருக்கும் அல்போராதா கடை வளாகத்துக்குப் போனான். மாடிப்படியிலேயே கூட்டம். எல்லார் கையிலும் கணினிப் பெட்டி. காய்ச்சல் கண்ட குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு நின்றார்கள்.

கராய் செலெஸ்தீனோவைப் பார்க்கத்தான் இத்தனை பேரும். கராய் என்றால் ஐயா. அவர் கிராபிக்ஸ் கார்டுகளுக்குக் கல்யாணம் செய்துவைப்பவர்.

சிரிக்க வேண்டாம். அணைக்கட்டு மின்சாரம் மலிவு என்று ஊரைச் சுற்றிப் பிட்காயின் கொட்டகைகள். அங்கே கார்டுகளை இரவு பகலாகப் பிழிந்துவிட்டு, சக்கையை இந்த வளாகத்தில் விற்பார்கள். கட்டட வரைகலைக்காரர், கல்யாண வீடியோக்காரர், கார்ட்டூன் படம் எடுப்பவர் எல்லாரும் வாங்குவார்கள். ஒரு மாடு இழுக்கிற வண்டியை இரண்டு மாடு இழுத்தால் இரண்டு மடங்கு வேகம் என்று கணக்குப் போட்டு, ஒரே பெட்டியில் இரண்டு கார்டைச் செருகுவார்கள். வேகம் வராது. சில சமயம் இருந்த வேகமும் போகும். ஏன் என்று யோசிக்கலாம். அதற்கு நேரமாகும். கராயிடம் உடனே பதில் கிடைக்கும்.

“வேற வேற கொட்டகையில கஷ்டப்பட்ட கார்டுங்க. ஒண்ணோட துக்கம் இன்னொண்ணுக்குப் புரியாது. சண்டை போடுது. கட்டிவைக்கணும்.”

கட்டணம் கிடையாது. காணிக்கைதான். காணிக்கையின் விலைப்பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது.

சடங்கு எளிது. பெட்டியைச் சுற்றிச் சிவப்பு நூல் கட்டுவார். கழுத்தில் தொங்கும் வெள்ளிச் சிலுவையைக் கழற்றிப் பெட்டியின் துளையில் செருகுவார். வாய் நிறையச் சாராயம் எடுத்து விசிறிவழியே கொப்பளிப்பார். பிறகு ஜெபம். ஜெபத்தின்போது அவர் விரல்கள் விசைப்பலகைமேல் நடமாடும். அப்போது பக்தர்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மூடாதவர்களுக்குப் பலன் கிடையாது. பெட்டியை யாரும் திறக்கவும் கூடாது. திறந்தால் ஆவி பதறும்.

சில கல்யாணங்கள் நிலைக்காது. அப்போது பெரிய கார்டில் ஆவி புகுந்திருப்பதாகக் கண்டுபிடித்து, பரானா ஆற்றில் விடுவதற்காக அதைத் தானே வாங்கிக்கொண்டு போவார். சின்னக் கார்டில் ஆவி புகுந்ததாக இதுவரை தகவல் இல்லை. ஆவிகளுக்கும் சந்தை நிலவரம் தெரியும்.

போன வாரம் ஒஸ்வால்தோவின் வீட்டுக்கும் வந்தார். கார்டுக் கடை வைத்திருக்கும் ஞா ஃபெலிபாதான் அழைத்து வந்தாள். ஞா என்றால் அம்மா. நல்ல மனுஷி, இரக்கம் அதிகம். கராய் பெட்டியில் காது வைத்தார்.

“பெரிய கார்டுல உன் பொண்டாட்டி இருக்கா. அழுறா. அவளப் போகவிடு தம்பி.”

அவர் போனபின் ஒஸ்வால்தோ ஒரு நாள் முழுக்கப் பெட்டியில் காது வைத்து உட்கார்ந்திருந்தான். விசிறிச் சத்தம்தான் கேட்டது.

அந்தப் பெரிய கார்டு மிர்த்தா வாங்கியது. அதில்தான் அவள் தன் குறும்படத்தைச் செய்துகொண்டிருந்தாள். மழையில் ஒரு பேருந்து நிறுத்தம், காத்திருக்கும் ஒரு பெண். அசுன்சியோன் திரைவிழா படத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. இந்த வாரத்துக்குள் முடித்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அவள் பெயரில் உலகத்தில் ஒன்றும் மிஞ்சாது. சீக்கிரம் முடியட்டும் என்றுதான் ஒஸ்வால்தோ துணைக்கு ஒரு பழைய சின்னக் கார்டை வாங்கிப் போட்டான். அன்றிலிருந்து ரெண்டர் நடுவழியில் நிற்கிறது.

“வந்துட்டியா மகனே,” என்றாள் ஞா ஃபெலிபா. “மூணு மடக்குக் குடிச்சியா?”

“இல்ல ஞா.”

“ஐயோ. ஆகஸ்டு சும்மா விடாதுப்பா.”

“விடாட்டி போகுது.”

முன்வரிசையில் ஒரு கட்டடப் பொறியாளர் நின்றிருந்தார். பட்டம் வாங்கிய கையில் சிவப்பு நூல் சுற்றிய பெட்டி. கராய் அவரை ஓரமாக நிறுத்திவிட்டு ஒஸ்வால்தோவின் பெட்டியை மேசைமேல் வைத்து, பெரிய திரையுடன் இணைத்தார்.

“பெட்டியத் திறக்கட்டுமா கராய்?”

“தொடாத. மூடியே இருக்கட்டும்.”

“சரி. இருக்கட்டும்.”

கராய் காது வைத்தார்.

“ரெண்டும் பேசுது. சின்னது முனகுது. பெரியதுல உன் பொண்டாட்டி.”

“என்ன சொல்றா?”

“குளிருதுங்கறா. ஆத்துல விடச் சொல்றா.”

ஞா ஃபெலிபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. பெரிய கார்டுலேருந்துதான் பேசறாளா?”

“நாப்பது வருஷமா கேக்குற காதுடா இது.”

பிட்காயினுக்கு அத்தனை வயது ஆகவில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

“அப்ப கடைசியா ஒரு தடவை கட்டிவைங்க,” என்றான் ஒஸ்வால்தோ. “நின்னுபோன பிரேம், அந்த ஒரே ஒரு படம் வரட்டும்.”

நூல். சிலுவை. சாராயம். எல்லாரும் கண்ணை மூடினார்கள், ஒஸ்வால்தோவும் மூடினான். ஒரு குடுவை மாத்தே காலியாவதற்குள் திரையில் படம் முழுசாக வந்து நின்றது. கூட்டம் நெஞ்சில் சிலுவைக் குறி போட்டது.

“பாத்தீங்களா? ஒத்துக்கிட்டா,” என்றார் கராய். “இதான் அவ கடைசி வேலை. பெரிய கார்டக் கழட்டி எங்கிட்டக் கொடு.”

“கழட்ட வேண்டாம் கராய். இந்தாங்க.”

ஒஸ்வால்தோ தோள் பையிலிருந்து துண்டில் சுற்றிய எதையோ எடுத்தான். பிரித்தான். பெரிய கார்டை மேசைமேல் வைத்தான். பிறகு பெட்டியின் மூடியைத் திறந்து எல்லாரும் பார்க்கத் திருப்பினான். உள்ளே சின்னக் கார்டு ஒன்றுதான் இருந்தது. பக்கத்தில் வெற்றிடம். அதிலிருந்து சாராயம் சொட்டியது.

“வீட்டுலயே கழட்டிட்டேன்.”

எந்த ஆவியும் பதறவில்லை. பதறியது ஒருவர்தான்.

“ஆவி தூரத்துல இருந்தும் பேசும்,” என்றார் கராய்.

“பைக்குள்ள இருந்தா?” என்றார் பொறியாளர். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

ஞா ஃபெலிபா விடவில்லை. “கல்யாணம் நடக்கல, சரி. அப்ப படம் எப்படி வந்துச்சு?”

அந்த மாடியில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. ஒஸ்வால்தோ படத்தைத் திரையில் பெரிதாக்கினான். பெண்ணின் முகம் மெழுகாய் வழிந்திருந்தது. மழைக்கம்பிகள் இருந்த இடத்தில் சாம்பல் பூசியிருந்தது.

“மழை எங்க?” என்றாள் ஞா ஃபெலிபா.

“சிலுவைக்குள்ள இருக்கு. இது பென் டிரைவ். இதுல இருக்கற சின்ன நிரல் படத்தோட நுணுக்கத்தக் குறைச்சுடுது. வேலையக் குறைச்சா சீக்கிரம் முடியும். இதுக்கு ஆவி எதுக்கு?”

பொறியாளர் தன் பெட்டியைக் கீழே வைத்தார். “என் கட்டடப் படத்துல ஜன்னல் கம்பியே காணோம். காத்தோட்டமான வடிவமைப்புன்னு சொல்லி ஒப்பேத்திட்டு வந்தேன்.”

“ரெண்டும் ஏன்பா சண்டை போட்டுச்சு?”

“சண்டை இல்ல ஞா, இடம் இல்ல. ரெண்டு கார்டு போட்டா மெமரி ஒண்ணும் அதிகமாகாது. முழுக் காட்சியும் ஒவ்வொரு கார்டுலயும் தனியா ஏறணும். சின்னதுல ஏறல, நின்னுபோச்சு. கனமான காட்சியப் பெரியதுக்கும் லேசானதச் சின்னதுக்கும் பிரிச்சுக் கொடுத்தா ரெண்டும் அது அது பாட்டுக்கு ஓடும்.”

“இவ்ளோதானா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“நேத்துதான் உக்காந்து யோசிச்சேன். அவ போனதுலேருந்து யோசிக்கறதையே விட்டுட்டேன்.”

பொறியாளர் கராயிடம் திரும்பினார். “ஆத்துல விட்டீங்களே, என் பெரிய கார்டு?”

“அது இந்நேரம் கடல்ல.”

“இரு இரு,” என்று கராயை மறித்தாள் ஞா ஃபெலிபா. “போன வாரம் உன் மச்சான் எங்கிட்ட ஒரு பெரிய கார்டு வித்தான். எத்தனை துடைச்சும் அருவதா நாத்தம் போகல. ஆத்துல விட்டது என் கடையில எப்படிய்யா கரையேறுச்சு?”

மடியில் கனம் உள்ளவனுக்குத்தான் வழியில் பயம். கராய் தொப்பியை எடுத்துக்கொண்டு படிக்கட்டைத் தேடினார். வழியில் ஆட்கள் நின்றார்கள். அவர் கடைசி அம்பை எடுத்தார்.

“இவன் கல்நெஞ்சக்காரன். சாகும்போது அவ சொன்னது எனக்குத் தெரியும். ‘என்ன விட்டுடு, ஆத்துல சேத்துடு’ன்னு கெஞ்சினா. இவன் கேக்கல.”

கூட்டத்தில் பாதி மறுபடியும் சிலுவைக் குறி போட்டது. சற்றுமுன் கண்ணால் கண்டதைக் காதால் கேட்டது விழுங்கிவிட்டது. ஏமாற்றுகிறவனுக்கு ஒரு நாக்கு போதும். ஏமாறுகிறவர்கள் மூளையை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள்.

ஞா ஃபெலிபா அருகில் வந்து மெதுவாகக் கேட்டாள். “ஒஸ்வால்தோ, அவ நெசமா என்ன சொன்னா?”

அவன் பெட்டியிலிருந்து சிவப்பு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை.

“ஆஸ்பத்திரியில கடைசியா அந்தப் பேருந்து நிறுத்தப் படத்தக் காட்டினேன். நல்லா வந்திருக்கு மிர்த்தா, கவலப்படாதன்னேன்.”

“ம்.”

“‘நீ சொன்னா ஆச்சா? பெருசாக்கு, நானே பாக்கறேன்’னா.”