தாய்மாமன் சீரும் வீட்டுக்குள் பெய்த மழையும்

என் கையெழுத்தைப் பார்த்துத் திட்டாதீர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ல, ள, ழ மூன்றில் எதை எங்கே உட்கார வைப்பது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பேச்சும் எனக்கு வராது. நாலு பேர் நடுவில் யாராவது என் பெயரைக் கேட்டால்கூட மனைவி செல்வியைத்தான் திரும்பிப் பார்ப்பேன். அதனால் இந்தக் கதையை எனக்குப் பதிலாக ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது. உண்மையில் நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். (தெரியும் என்பதுகூடப் பெரிய பேச்சு. அன்றைக்கு எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.)

கல்வராயன் மலையில் மரவள்ளி போட்டுப் பிழைக்கிறேன். ஒற்றை அறை வீடு. சிமெண்டுச் சுவர், தகர ஷீட் கூரை. என் தங்கை அமுதாவை எலவனாசூர்கோட்டையில் கொடுத்திருக்கிறோம். அவள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வந்தது. தாய்மாமன் நான். சீர் என்னுடையது.

"மலையிலேருந்து இன்னா சீர் வந்துடப் போவுது, ஒரு மூட்ட மரவள்ளியா?" என்று அமுதாவின் நாத்தனார் ராணி முன்கூட்டியே கேட்டுவிட்டாளாம். அமுதா போனில் அழுதாள்.

"ணா, தட்டு கம்மியானாலும் பரவால்ல. அவ வாய் மூடணும்."

செல்வி கை வலிக்க வலிக்க இருநூற்றியொரு கைமுறுக்கு சுற்றினாள். இரண்டு பெரிய தகர டின்களில் அடுக்கினாள். விழாவுக்கு மூன்று நாள் முன்பே அங்கே வேலைக்கு உதவக் கிளம்பிவிட்டாள்.

"முறுக்கு உங்க பொறுப்பு. வெளிய பனியா கொட்டுது. நமத்துப் போச்சின்னா ராணிக்கு நாமதான் முறுக்கு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

பனி உள்ளே வரக் கூடாது. அவ்வளவுதானே? ஜன்னலைச் சாத்தி இடுக்கில் பழைய சேலையைத் திணித்தேன். காற்றுப் போகிற ஓட்டையில் செய்தித்தாளைப் பசை தடவி ஒட்டினேன். கதவடியில் சாக்கு. பிறகு டின்னைத் திறந்து பார்த்தால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்! (சூடாகவே அடுக்கிவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.) மூடி வேர்க்கிறதே என்று இரண்டு டின்னையும் திறந்து வைத்தேன். அறை கதகதப்பாக இருக்கட்டும் என்று கேஸ் அடுப்பையும் பற்ற வைத்தேன்.

எரிகிற அடுப்பின் மேல் ஒன்றும் இல்லாமல் இருந்தால் எனக்கு மனசு கேட்காது. கேஸ் வீணாகிறதே. ஒரு அண்டா தண்ணீரை ஏற்றினேன். அது வற்ற வற்ற ஊற்றினேன். உள்ளே தலை வலித்ததால் நான் வெளியில்தான் படுத்தேன்.

காலையில் கதவைத் திறந்ததும் மூக்கின் மேல் சொட்டு விழுந்தது. அண்ணாந்தால் கூரை முழுக்கத் தண்ணீர். வெளியே ஓடினேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. கூரையில்தான் ஓட்டை என்று தார் டப்பாவோடு மேலே ஏறினேன்.

"இன்னாபா, மழ இல்லாத நாள்ல ஒழுகுதா?" என்று வழியில் போனவர்கள் கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன சொல்வது?

தார் பூசினேன். இன்னும் அதிகமாகச் சொட்டியது. சுவர் வேர்த்தது. துணியால் துடைத்தேன். பிழிந்து, அந்தத் துணிகளை அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டேன். மறுபடி துடைத்தேன். எவ்வளவு துடைத்தாலும் அதே அளவு தண்ணீர். வீட்டுக்கு அடியில் ஊற்று இருக்கிறதோ என்று தரையில் காதை வைத்துக்கூடப் பார்த்தேன். ஆனால் டின்களுக்கு மேலே குடை விரித்து வைத்திருந்தேன். ஒரு சொட்டு முறுக்கில் விழவில்லை. அதில் எனக்குப் பெருமை.

ஒன்றைக் கடித்துப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். சீர்ப் பண்டத்தில் வாய் வைக்கலாமா?

விழாவன்று மேளத்தோடு தட்டுகள் பந்தலுக்குள் போயின. ராணி ஒரு முறுக்கை எடுத்து உயர்த்தினாள். "மாமன் வூட்டு முறுக்கு! சத்தம் பந்தல் முழுக்கக் கேக்கட்டும்" என்று இரண்டு கையாலும் உடைத்தாள். உடையவில்லை. வளைந்தது. விட்டதும் மெதுவாகத் தொங்கியது.

"இன்னாண்ணே, முறுக்கு சுட்டீங்களா, கயிறு திரிச்சீங்களா?"

பந்தலே சிரித்தது. அமுதா தலையைக் குனிந்துகொண்டாள். "இத்த ஊருக்குக் குடுத்தா எங்க மானம் போவும். எடுத்துக்கினு போவச் சொல்லு" என்றாள் ராணி. நான் செல்வியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்து வாயைத் திறந்துவிட்டேன்.

"வூட்ல மழைங்க."

"மழையா? எங்களுக்குத் தெரியாம எப்ப பேஞ்சிது?"

"வெளிய இல்லைங்க. உள்ள மட்டும்."

இரண்டாவது சிரிப்பு முதல் சிரிப்பைவிடப் பெரியது. அமுதாவின் புருஷன் முருகேசன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கொத்தனார். "மச்சான், ஜன்னல்?" என்றார். மூடினேன் என்றேன். "அடுப்பு?" எரிந்தது. "அது மேல?" அண்டா. அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அண்டாத் தண்ணிதான் மச்சான் ஆவியாப் போயி, சில்லுனு இருக்கிற தகரத்துல பட்டு சொட்டியிருக்கு. அத்தயே தொடச்சி, அத்தயே திரும்ப காயப்போட்டுக்கினு இருந்திருக்க. போற வழியெல்லாம் அடைச்சிட்டா அது எங்க போவும்? அந்த ஈரத்தத்தான் முறுக்கு குடிச்சிருக்கு. அடச்ச ரூம்ல கேஸு எரிய வுட்டு உசுரோட இருக்கியே, அதுவே பெரிசு!"

எனக்கு அப்போதும் பாதிதான் புரிந்தது. ராணி தட்டைத் தூக்கப் போனாள்.

"ஒண்ணு குடு இப்டி."

பந்தல் ஓரத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது. முருகேசனின் அப்பா. அந்த வீட்டுக்குப் பெரியவர். வாயில் ஒரு பல் கிடையாது. முறுக்கை வாங்கிக் கன்னத்தில் ஒதுக்கி, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். மேளக்காரர்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார். முழுதாக விழுங்கிவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினார்.

"ராணி, நீ பேசாத இரு. பல்லு போனதுலேருந்து நீங்கல்லாம் நறநறன்னு துன்றத பாத்துக்கினு மட்டும் இருந்தேன். இன்னிக்கித்தான் என் வாய்க்குன்னு ஒருத்தன் முறுக்கு கொண்டாந்திருக்கான். தட்ட உள்ள எடுத்துக்கினு போ."

ராணி எடுத்துக்கொண்டு போனாள். அமுதா நிமிர்ந்தாள்.

பிறகு முருகேசன் மலைக்கு வந்து, கூரைக்குக் கீழே எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு ஓட்டை உடைத்து, காற்றுப் போக வரச் சிமெண்டுச் சல்லடை வைத்துக் கொடுத்தார். அண்டா வெளியே போனது. ஈரத்துணியும் வெளியே. இப்போது வீட்டில் உப்புகூடக் கசிவதில்லை. அதுதான் புதுக் கஷ்டம். அமுதா வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் பெரியவர் "மலை முறுக்கு" கேட்கிறார். எங்கள் வீட்டிலோ முறுக்கு நமக்க மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் இரண்டு ஓட்டையையும் சாக்கால் அடைத்து, வெளியே கொதிக்க வைத்த வெந்நீர் அண்டாவை உள்ளே தூக்கி வைத்து, குடை விரிக்கிறேன்.

வருஷங்கள் ஓடிவிட்டன. அடுத்த வாரம் அதே பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். காலையில் ராணியே போன் செய்தாள்.

"அண்ணே, எங்களுக்கு மொறுமொறுன்னு இருநூறு. எங்கப்பாவுக்குத் தனியா அம்பது. அதுக்கு நல்லா மழ பேய வுடுங்க."

கார்த்திகை, இரண்டாம் வெள்ளிக்கிழமை.