ஆறு போத்தல் சுத்த நீரும் ஒரு சிட்டிகை திருநீறும்

கரங்கான், கெடா.

பெருமதிப்பிற்குரிய முனைவர் அட்ரியன் ஐயா அவர்களுக்கு,

தங்கள் மாணவி சாந்தினியின் அப்பா பரஞ்சோதி எழுதுவது. என் முழங்கால் நீங்கலாக இங்கே அனைவரும் நலம். தங்கள் நலமும் ஆய்வுக்கூடத்தின் நலமும் அறிய ஆவல். தாங்களும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர் என்று மகள் சொன்ன தைரியத்தில் தமிழில் எழுதுகிறேன். என் ஆங்கிலம் மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டது.

ஐயா, சாந்தினியின் கையில் சுத்தமில்லை, பதினைந்து நாள் அளவீடும் வீண், மாநாட்டுப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவேன் என்றீர்களாமே. பிள்ளை போனில் அழுதுவிட்டாள். குற்றவாளி நான்தான். இருபத்தெட்டு வருடம் செம்பனை ஆலைக் கொதிகலனுக்குத் தண்ணீர் பார்த்தவன், தண்ணீர் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம் என்று சந்தையில் பீற்றிக்கொள்கிறவன். போன மாதம் உங்கள் சுத்தநீர் இயந்திரம் பழுதாகிவிட்டதென்று, கூலிமில் கணினிச் சில்லு தொழிற்சாலையில் வேலை செய்யும் தோழியிடம் ஆறு போத்தல் சுத்த நீர் வாங்கிக்கொண்டு சாந்தினி வீட்டுக்கு வந்தாள். இந்தத் தண்ணீருக்குள் ஹைட்ராக்சில் ராடிக்கல் என்று ஒன்றைப் பிறக்க வைப்பார்களாம், அது கண் சிமிட்டுவதற்குள் எதிரில் வருவதை அடித்துவிட்டுச் செத்துப்போகுமாம், எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று இவள் அளக்க வேண்டுமாம். இவ்வளவு அற்ப ஆயுசா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஒவ்வொரு போத்தலிலும் ஒரு சிட்டிகை திருநீறு போட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் எது புறப்பட்டாலும் அதுதான் வழக்கம். பழைய காடி வாங்கியபோது ரேடியேட்டரிலும் போட்டேன். பெண்டாங் போகும் வழியில் அது புகை விட்டது வேறு கதை.

நேற்று போனில் சொன்னாள்: “தண்ணியில கார்பனேட் கலந்திருக்குப்பா. நாங்க அளக்கறதுக்கு முன்னாடியே அது போயி ராடிக்கல புடிச்சிக்குது. வேகம் எல்லாம் கொறைச்சலா காட்டுது. எங்கேருந்து வந்துச்சின்னே தெரியல லா.”

“கார்பனேட்டுன்னா என்னம்மா?”

“சாம்பல்ல கூட இருக்கும்பா.”

போனை வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். மனைவி மருதம்மாளிடம் சொன்னால், “நெத்தியில பூசுறத போத்தல்ல போட்டா, உங்களத்தான் மொதல்ல அளக்கணும்” என்கிறாள். ஆகவே ஐயா, அந்த ராடிக்கலைத் தடுத்தது நான், சாந்தினி அல்ல. பட்டியலில் அவள் பெயர் இருக்கட்டும். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள், பழகிவிட்டது.

ஆய்வுக்கூடத்துக்கே வந்து எல்லோருக்காகவும் ஜெபிப்பார்கள் என்று மகள் சொல்லும் தங்கள் தாயார் எவலின் அம்மாவுக்கு வணக்கம். தங்கள் போத்தல்கள் என்றும் சுத்தமாக இருக்க வேண்டுகிறேன்.

பணிவுடன்,
பரஞ்சோதி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் சாந்தினி கூப்பிட்டாள். என் பாவத்தைச் சொன்னேன். சிரிக்கிறாள். “அடியில படிஞ்சி கெடந்ததை அன்னிக்கே பார்த்துட்டேன்பா. பஸ் ஏறறதுக்கு முன்னாடியே கொட்டிட்டேன். அதுக்குள்ள லேப்ல மெஷின சரி பண்ணிட்டாங்க, பதினஞ்சு நாளும் அந்த மெஷின் தண்ணிதான்.” ஆகவே மேலே எழுதியது அனைத்தையும் தள்ளிவிடவும். குற்றம் உங்கள் இயந்திரத்தில் இருக்கிறது ஐயா. உங்கள் தாயார் அண்மையில் அதை ஜெபித்து ஆசீர்வதிக்க வந்தார்களா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். வந்திருந்தால் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். மன்னிப்புக் கடிதம் எழுதித் தர நான் இருக்கிறேன்.