மரக்காணத்தின் முதல் மனிதர்

“ஏழு கடுதாசியைப் போட்டோ எடுக்க அமெரிக்காவுலேர்ந்து ஒருத்தி பிளேன் புடிச்சு வர்றாளாம். இதை நான் நம்பணுமாம்!”

தட்சணாமூர்த்தி கையிலிருந்த தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பின்பக்கம் திருப்பினார். முகர்ந்தும் பார்த்தார்.

“மரியாதையாத்தானேங்க கேட்டிருக்காங்க” என்றாள் அவர் மனைவி அமராவதி.

“திருட வர்றவ மரியாதையாத்தான்டீ கேப்பா.”

மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவர்கள் பலர். ‘அமெரிக்கா வீடு’ என்று பெயர் வாங்கியது தட்சணாமூர்த்தியின் வீடு ஒன்றுதான். எந்தக் காலத்திலோ இந்தக் கரையில் ஒரு பாய்மரக் கப்பல் தரை தட்டியதாம். அதன் அமெரிக்கக் கேப்டனை அவருடைய கொள்ளுத்தாத்தா வீட்டில் வைத்துச் சோறு போட்டாராம். ஊர் திரும்பிய கேப்டன் நன்றி மறக்காமல் ஏழு கடிதம் எழுதினார். அதில் ஒன்றில் கொள்ளுத்தாத்தாவை ‘மரக்காணத்தின் முதல் மனிதர்’ என்று குறிப்பிட்டிருந்தாராம். கடிதங்களைப் பரணிலிருந்து கண்டெடுத்து ஊருக்குக் காட்டியவர் தட்சணாமூர்த்தியின் அப்பா.

முதல் மனிதர் வீட்டுக்கு முதல் மரியாதை தராமல் வேறு யாருக்குத் தருவது? அன்றிலிருந்து ஆடித் திருவிழாவில் முதல் பரிவட்டம் அமெரிக்கா வீட்டுக்குத்தான். அந்தக் கூட்டெழுத்து இங்கிலீஷை வீட்டில் ஒருவராலும் படிக்க முடியாது. ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் கடிதப் பெட்டிக்குக் கற்பூரம் காட்டினார்கள்.

இந்த வருஷம்தான் வினை வந்தது. திருவிழாக் கூட்டத்தில் பக்கத்து அளத்து சடையப்பன் எழுந்து, “அதெல்லாம் அசல் கடுதாசின்னு யாருய்யா பாத்தது?” என்று கேட்டுவிட்டான்.

அமெரிக்காவில் பழைய கப்பல்காரர்களின் கடிதங்களைச் சேர்த்துக் காக்கும் ஆவணக் காப்பகம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, தட்சணாமூர்த்தி ஆள் பிடித்து எழுதிப் போட்டார். ஆள் அனுப்புகிறோம், அசல் என்றால் எங்கள் பட்டியலில் சேர்த்துச் சான்றிதழ் தருகிறோம் என்று பதில் வந்தது.

அவருக்குச் சான்றிதழ் வேண்டும். ஆள் வேண்டாம்.

“மஞ்சளுக்கே உரிமை கொண்டாடப் பாத்தவனுங்க. கடுதாசியை வுட்டுருவானுங்களா? கேமரான்னு ஒண்ணைக் காட்டுவா, நாம அதைப் பாக்கறதுக்குள்ள அசல் பைக்குள்ள போயிடும். அதனால ஒரு நகல் தயார் பண்ணி அதைக் காட்டறோம். அசலை ஒளிச்சு வெக்கறோம்.”

“போலியைப் பாத்துட்டு அசல்னு எப்பிடிங்க சர்டிபிகேட் குடுப்பாங்க?”

“போலிக்கே குடுத்தாங்கன்னா அசலுக்கு எவ்வளவு மதிப்புன்னு பாத்துக்க!”

அமராவதி அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

தேசப்பனுக்கு ஆள் போயிற்று. கடைப் பலகை, சுவர் விளம்பரம், லாரி முதுகு எல்லாம் எழுதுகிற பெயின்டர். அவன் அப்பாவுக்கும் அதே தொழில்தான். கடிதங்களைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தான்.

“இன்னொரு செட்டுங்களா ஐயா?”

“ஆமாண்டா. ஒரு புள்ளி வுடாம இதே மாதிரி இருக்கணும். வெளியில மூச்சு வுட்டே, தொலைச்சிடுவேன்.”

“எங்க பரம்பரையிலயே யாரும் வாயைத் தொறந்தது இல்லைங்க.”

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தட்சணாமூர்த்தி எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தாள் கூட தேசப்பனே கொண்டு வந்திருந்தான். மங்கிப்போன, ஓரம் பழுத்த தாள்.

“இது எங்கடா கெடைச்சுது? அதே மாதிரி இருக்குது!”

“எங்கப்பா கட்டி வெச்சிருந்ததுங்க. பரண்ல கெடந்துது.”

சந்தேகம் ஒன்று. தேசப்பன் மையைத் தொட்டு எழுத ஆரம்பித்தான். நாலாவது கடிதத்துக்குப் பிறகு அசலைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். பேனா பாட்டுக்கு ஓடியது.

“பாக்காமயே எழுதறியே, எப்பிடிடா?”

“கைக்குப் பழகிடுச்சுங்க.”

சந்தேகம் ரெண்டு. இவன் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய்ச் சடையப்பனுக்கும் ஒரு செட் எழுதிக் கொடுத்துவிட்டால்? வேலை முடிந்ததும் தட்சணாமூர்த்தி வாசலை மறித்தார்.

“சட்டையைக் கழட்டு. வேட்டியை உதறிக் காட்டு.”

தேசப்பன் ஆச்சரியப்படவில்லை. உதறிக் காட்டினான். ஒரு பீடிக்கட்டு விழுந்தது. அதைப் பிரித்தும் பார்த்தார்.

அவன் போன பிறகு அசல் கடிதங்களைப் பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார். பீரோவில் வைக்கலாம், சாவி அமராவதியிடம் இருக்கிறது. பேங்க்கில் வைக்கலாம், மேனேஜர் சடையப்பனோடு காபி குடிப்பதைப் பார்த்திருக்கிறார். கடைசியில் தன் உப்பையே நம்பினார். மத்தியானம் அளத்தில் ஆள் இருக்காது. தனியாகப் போய், குவித்திருந்த உப்பு அம்பாரத்தைத் தோண்டி டின்னைப் புதைத்தார்.

அம்பாரத்தின் மேல் முதலாளி பெயர் வெட்டிய மரப்பலகையை அழுத்தி முத்திரை வைத்திருப்பார்கள். யாராவது உப்பை அள்ளினால் எழுத்து கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். தோண்டியதில் முத்திரை கலைந்திருந்தது. அவரே பலகையை எடுத்து அழுத்தி, அவசரத்தில் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலை மேஸ்திரி நடராசன் பார்த்தபோது முத்திரை தலைகீழாக இருந்தது.

“திருடன்! கள்ளப் பலகை செஞ்சு குத்தியிருக்கான்! எழுத்துத் தெரியாத பய!”

தட்சணாமூர்த்தி பதறிக்கொண்டு அளத்துக்கு ஓடியபோது அம்பாரத்தைப் பாதி சரித்திருந்தார்கள்.

“வேணாம் நடராசா, வுட்டுடு! திருடு ஒண்ணும் போகலை!”

“இன்னா மொதலாளி இப்பிடிச் சொல்றீங்க? திருடன் போட்டதே ஆப்பிட்டுடுச்சு, பாருங்க!” என்று நடராசன் டின்னைத் தூக்கி மூடியைத் திறந்தார்.

கடற்காற்று அதற்காகவே காத்திருந்தது போல் வீசியது. ஏழு கடிதமும் எழும்பிப் பறந்து, ஒவ்வொன்றாக உப்புநீர்ப் பாத்தியில் இறங்கின. உப்பு வாரும் பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துரத்தினார்கள்.

“மொதலாளிக்கு வந்த லவ் லெட்டரு டோய்!” என்று ஒரு குரல் கேட்டது.

நனைந்த கடிதங்களை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கட்டிலில் பரப்பிவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது பதினாலு கடிதம் ஒரே அடுக்காக இருந்தது.

“பழசாத் தெரியணும்னு டீத்தண்ணியில முக்கிக் காய வெச்சிருந்தீங்களே, அதையும் எடுத்துச் சேத்து அடுக்கிட்டேன்” என்றாள் அமராவதி.

எல்லாத் தாளும் ஒரே பழுப்பு. நாக்கில் வைத்துப் பார்த்தார். ஈரத்தோடு அடுக்கியதில் டீயும் உப்பும் எல்லாத் தாளிலும் ஊறியிருந்தன.

மறுபடியும் தேசப்பன் வந்தான். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்து இரண்டாகப் பிரித்தான். “இந்தக் கட்டு நான் எழுதினது. அது பழசுங்க.”

“மாத்திச் சொன்னே...”

“என் கை எனக்குத் தெரியாதுங்களா?” அவனாகவே வேட்டியை உதறிக் காட்டிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை காப்பகத்திலிருந்து மார்த்தா வந்தாள். நரைத்த முடி, பெரிய கண்ணாடி, தோளில் ஒரு பை. தட்சணாமூர்த்தியின் கண் பையிலேயே இருந்தது. மொழிபெயர்த்துச் சொல்ல இடையஞ்சாவடியிலிருந்து பிரபாகரன் கூட வந்திருந்தான். சாட்சிக்கு நடராசனும், கட்டு மாறிப்போனால் பிரித்துச் சொல்லத் தேசப்பனும் ஓரமாக நின்றார்கள். அழைக்காமலே சடையப்பன் வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சுனாமிக்குப் பிறகு ஊருக்கு எத்தனையோ வெள்ளைக்காரர்கள் வந்தாயிற்று; நிவாரணம் கொண்டுவராமல் வந்தவள் இவள்தான் என்று வாசலில் வேடிக்கைக் கூட்டம் பேசிக்கொண்டது.

“அவங்க காப்பகத்துல கடிதம் பாக்க வர்றவங்க பையையும் பேனாவையும் வெளியவே வெச்சுடணுமாம் சார்” என்றான் பிரபாகரன்.

“அவ்வளவுதானா? நான் வேட்டியையே உதறச் சொல்றவன்.”

பிரபாகரன் அதை மொழிபெயர்க்கவில்லை.

மார்த்தா கையுறை மாட்டிக்கொண்டு முதல் கட்டைப் பிரித்தாள். தன் காப்பகத்துக் கடிதங்களின் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். லென்ஸ் வைத்துப் பார்த்தாள். தாளை ஜன்னலில் பிடித்தாள். பிரபாகரனிடம் மெதுவாகப் பேசினாள்.

“இது புதுசாம் சார். மை இப்பத்தான் காய்ஞ்சிருக்குதாம்.”

சடையப்பன் சிரித்தான். தட்சணாமூர்த்தி கலங்கவில்லை. எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“அம்மா நல்ல கைதேர்ந்தவங்க. சோதிச்சுப் பாத்தேன், பாஸ் பண்ணிட்டாங்க. அசல் இப்ப வருது!” அமராவதியிடம் சாவியை வாங்கிப் பீரோவைத் திறந்து அடுத்த கட்டை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்.

மார்த்தா இந்த முறை வெகுநேரம் பார்த்தாள். இரண்டு கட்டிலிருந்தும் ஒவ்வொரு தாளை எடுத்து ஜன்னலில் ஒன்றாகப் பிடித்தாள். அவள் முகத்தில் வருத்தம் வந்தது.

“ரெண்டும் ஒரே தாளாம் சார். உள்ளுக்குள்ள மில்லு முத்திரை தெரியுதாம். நம்ம நாட்டு மில்லு. சுதந்திரத்துக்கு அப்புறம் வந்தது. கப்பல் கேப்டன் இதுல எழுதியிருக்க முடியாதாம்.”

சடையப்பன் காபி டம்ளரைக் கீழே வைத்தான். ஆடிப் பரிவட்டம் கண்ணெதிரே அவன் தலைக்கு நகர்வதைத் தட்சணாமூர்த்தி பார்த்தார். பாய்ந்து தேசப்பனின் சட்டையைப் பிடித்தார்.

“அசலை எங்கடா வித்தே? ரெண்டு செட்டு போலி எழுதி எனக்கே குடுத்துட்டியா? நூறு வருஷத்துக் கடுதாசிடா! எங்கப்பா கண்ணுல ஒத்திக் காப்பாத்தினதுடா! நடராசா, போலீசைக் கூப்பிடு!”

தேசப்பன் சட்டையை மெல்ல விடுவித்துக்கொண்டான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

“நான் எதுக்குங்க ஐயா எடுக்கப் போறேன்? வேட்டியை உதறிக் காட்டிட்டுத்தானே போனேன். அந்தப் பழைய கட்டை எங்கப்பா எழுதி முடிச்சப்பவும், உங்கப்பா இதே ரூம்புல இப்பிடித்தான் வேட்டியை உதறிக் காட்டச் சொன்னாராம்!”